போதும் என்று சொல்லக் கற்றுக்கொள்வது எப்படி?

எங்கள் தெருவில் ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போய்த் திரும்பிய மாலையில், என் கணவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, சாப்பாடு ஒத்துக்கிடலையா?" என்று கேட்டார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சபைப் போதகரான ஐயர் ஜெபித்து வாசலைத் திறந்துவிட்ட நேரத்திலிருந்து அந்தத் தேக்கு நிலையையும், அடுக்களையில் பதித்திருந்த கருங்கல் மேடையையும், மாடிப்படியின் கைப்பிடியையும் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கர்த்தர் உங்களை நல்லா ஆசீர்வதிச்சிருக்காரு" என்று வீட்டுக்காரியிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன். திரும்பி நடக்கையில் ஒரு வார்த்தை பேசவும் வாய் வரவில்லை. அவளும் நானும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஆலயத்தில், ஒரே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருப்பவர்கள். அவள் அன்றிரவு படுத்தது சொந்த வீட்டில். நான் பூட்டைத் திறந்து நுழைந்ததோ பதினோராவது ஆண்டாக வாடகை கொடுத்துவந்த வீட்டில்.

அந்த நாட்களில் குடும்ப ஜெபத்தில், அப்போஸ்தலராகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தைத் தொடர்ந்து வாசித்து வந்தோம். அன்றைய பங்கு நான்காம் அதிகாரம். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்ற பதினோராம் வசனத்தைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லிவந்திருக்கிறேன்; ஆனால் அதிலுள்ள கடைசிச் சொல் அன்றுதான் என் காதில் விழுந்தது. மனரம்மியம், அதாவது உள்ளது போதும் என்ற மனநிறைவு, தனக்குப் பிறவியிலேயே இருந்தது என்று பவுல் சொல்லவில்லை, மனந்திரும்பிய நாளில் அது ஒரேயடியாக வந்திறங்கியது என்றும் சொல்லவில்லை. கற்றுக்கொண்டேன் என்கிறார். தையலையும் நீச்சலையும் கற்றுக்கொள்வதைப் போல, தப்புத்தப்பாகச் செய்து, திருத்தி, மறுபடியும் செய்து கைவரப்பெறுகிற ஒன்றாகவே அதை அவர் பேசுகிறார். பொறாமை பாவம் என்பது நமக்கெல்லாம் தெரியும்; கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளோடு அது எண்ணப்பட்டிருப்பதையும் அறிவோம். அதை விட்டு வெளியே வரும் வழியை யாரும் நமக்குப் படிப்படியாகச் சொல்லித்தருவதில்லை என்பதே சங்கடம். அந்த வழியை வேதத்திலிருந்து தேடி, சில ஆண்டுகளாக நடந்து பார்த்தவளாக இதை எழுதுகிறேன்.

பவுல் அந்த வார்த்தையை எங்கிருந்து எழுதினார் என்பதை மறந்துவிடக்கூடாது. அவர் காவலில் இருந்தார். "என் கட்டுகள்" என்று முதல் அதிகாரத்திலேயே திரும்பத் திரும்ப எழுதுகிறார். பிலிப்பியர் தங்கள் ஆளான எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவி வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லும் கடிதம் அது. அவர் கட்டுண்டிருந்த அதே வேளையில், "சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும்" வெளியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்று அவர் எழுதினார். பொறாமைப்படுகிறவர்கள் சுதந்தரமாக நடமாட, பொறாமைக்கு ஆளானவர் சங்கிலியில் இருந்துகொண்டு சந்தோஷப்படுகிறார். ஸ்தோயிக்கர் என்ற பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளியின் ஞானிகள் தன்னிறைவு என்ற பொருளில் கையாண்ட கிரேக்கச் சொல்லையே பவுல் இங்கே எடுத்தாள்கிறார். எதையும் சாராமல் தனக்குத் தானே போதுமானவனாக இருப்பதே அவர்கள் கண்ட இலட்சியம். பவுலுடைய நிறைவுக்குக் காரணம் வேறு. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்று இரண்டு வசனங்களுக்குப் பின் அவரே சொல்லிவிடுகிறார். மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள முயன்று தோற்றுப்போனவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதல்.

முதலில் அதன் பெயரைச் சொல்லுங்கள்

பொறாமை தன் சொந்தப் பெயரோடு நம்மிடம் வருவதில்லை. குடும்பக் கவலை என்றோ, நியாய உணர்வு என்றோ, சில நேரங்களில் ஆவிக்குரிய பாரம் என்றோகூட வேறு பெயர் சூட்டிக்கொண்டு வரும். "அவங்க கடன் வாங்கித்தான் கட்டியிருப்பாங்க, பாவம், எப்படி அடைக்கப்போறாங்களோ" என்று நான் அன்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்பவர்களுக்கு அது அக்கறையாகத் தோன்றும். பாடகர் குழுவில் மற்றொருவருக்குத் தனிப்பாட்டு கிடைத்தவுடன், அவருடைய சாட்சி வாழ்க்கையைக் குறித்து நமக்குத் திடீரென்று பாரம் உண்டாகிவிடும். ஆகவே முதல் வேலை, அதைச் சரியான பெயரால் அழைப்பதே.

நம்முடைய தமிழ் வேதாகமம் இதற்கு வலுவான சொற்களைத் தந்திருக்கிறது. "சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன், பொறாமையோ எலும்புருக்கி" என்கிறது நீதிமொழிகள் 14:30. எலும்புருக்கி என்பது ஆளை உள்ளிருந்து அரித்துக் கரைக்கும் நோயின் பெயர். வெளியே தோல் நன்றாகத்தான் இருக்கும். போரில் கொன்றவர்களின் கணக்கில் இளம் வீரன் தாவீதுக்குப் பதினாயிரம் என்று பெண்கள் பாடிய நாள் முதற்கொண்டு அரசன் சவுல் அவனைக் "காய்மகாரமாய்ப் பார்த்தான்", அதாவது பொறாமைக் கண்ணால் பார்த்தான் என்று முதலாம் சாமுவேல் 18:9 சொல்கிறது. அந்தப் பாட்டில் சவுலுக்கும் ஆயிரம் கொடுக்கப்பட்டிருந்தது. தன் ஆயிரத்தை அவனால் எண்ண முடியாமல் போயிற்று. இயேசு சொன்ன உவமையில், திராட்சத்தோட்டத்தில் விடியற்காலமே வேலைக்கு வந்தவர்களும் பேசியபடி ஒரு பணத்தைக் குறைவில்லாமல் வாங்கினார்கள். கடைசி மணி நேரத்தில் வந்து அதே கூலியை வாங்கியவர்களுடைய கையை அவர்கள் பார்த்திராவிட்டால், அந்த ஒரு பணத்தோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பது எஜமான் கேட்ட கேள்வி. வன்கண்ணன் என்றால் பொல்லாத கண் உள்ளவன். கடைசி இரண்டு இடங்களும் கண்ணைச் சுற்றி வருவதைக் கவனியுங்கள். நம் பங்கில் எதுவும் குறையாதபோதே, பார்வை திரும்பிய இடத்தில் நோய் தொடங்கிவிடுகிறது.

உங்களுக்குள் இருப்பது வெறும் ஆசையா, பொறாமையா என்று தெரியவில்லையானால், ஒரு சோதனை போதும். அந்த நபருக்கு ஒரு சறுக்கல் ஏற்பட்டது என்று கேள்விப்பட்டவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவருடைய பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தது, புது வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியது என்று யாரோ சொல்லும்போது, வருத்தத்துக்கு முந்திக்கொண்டு ஒரு சிறு ஆறுதல் எட்டிப்பார்த்தால், அது பொறாமைதான். எனக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும் என்பது ஆசை. அவளுக்கு இருக்கவேண்டாம் என்பது பொறாமை. முதலாவதை ஜெபத்தில் கேட்கலாம், இரண்டாவதை அறிக்கையிட வேண்டும். பெயரைக் கண்டுபிடித்ததும், மற்றொரு மனிதரிடம் சொல்வதற்கு முன் தேவனிடம் அதே பெயரால் சொல்லுங்கள். "ஆண்டவரே, இன்னாருக்குக் கிடைத்த இன்ன காரியத்தைக் குறித்து நான் பொறாமைப்படுகிறேன்" என்ற ஒரே வாக்கியம் போதும். பெயரையும் பொருளையும் விட்டுவிட்டு, "என் குறைகளை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்வது தப்பித்துக்கொள்ளும் வழி.

கசப்பைப் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோங்கள்

அறிக்கையிட்ட பிறகும் கசப்பு போகவில்லையே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்காகவே 73 ஆம் சங்கீதம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைப் பாடிய ஆசாப் ஆலயப் பாடகர்களின் தலைவர்களில் ஒருவர். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகக் கர்த்தரைத் துதிக்க நியமித்தவர்களில் அவர் பெயரே முதலில் வருகிறது. துதிப்பதையே தொழிலாகக் கொண்ட அவர், "என் அடிகள் சறுக்குதலுக்கும் சற்றே தப்பிற்று" என்றும், துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமைகொண்டேன் என்றும் வெளிப்படையாகப் பாடுகிறார். "விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி" வந்தேன் என்று, இத்தனை ஆண்டு தேவபக்தியும் வீண்தானோ என்ற எல்லைக்கே போய்விடுகிறார். இந்த வரிகள் சபையார் கூடிப் பாடும் சங்கீதத்தில் இருக்கின்றன என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். தேவன் இந்தக் கசப்பைத் தம்முடைய சந்நிதியில் பேச அனுமதித்திருக்கிறார். அதை மறைத்துக்கொண்டு இனிமையான ஜெபம் செய்யும்படி அவர் நம்மைக் கேட்கவில்லை.

ஆகவே இந்தச் சங்கீதத்தை ஜெபமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து, சத்தமாக வாசியுங்கள். நான்காம் வசனத்திலிருந்து பன்னிரண்டாம் வசனம் வரை ஆசாப் தான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வதுபோல, நீங்களும் உங்கள் கண்ணை உறுத்துவதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தேக்கு நிலையைப் பற்றியே நான் ஜெபித்திருக்கிறேன். அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்ன பிறகு அந்த நிலை முன்னிருந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதினேழாம் வசனத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். "பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்து" என்ற இடத்தில்தான் சங்கீதம் திரும்புகிறது. அதுவரை தனக்குத் தானே யோசித்துப் பார்த்ததில் ஆசாப்புக்குத் தெளிவு பிறக்கவில்லை, விசனமே மிஞ்சியது. அவருடைய சூழ்நிலையில் எதுவும் மாறியதாகச் சங்கீதம் சொல்லவில்லை. அவர் நிற்கிற இடம் மட்டும் மாறுகிறது. அதற்கப்பால் "அவர்கள்" என்ற பேச்சு குறைந்து, "நீர்", "உம்மோடு" என்ற பேச்சு பெருகுவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். "என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்" என்ற இருபத்துமூன்றாம் வசனத்தை வாசிக்கும்போது, உங்கள் வலது கையை மற்றொரு கையால் பற்றிக்கொண்டு வாசியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அது பல இரவுகளில் உதவியிருக்கிறது.

இந்தச் சங்கீதத்தின் உச்சியில் உள்ள ஒரு சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. தேவன் "என் இருதயத்தின் கன்மலையும் என் பங்குமாயிருக்கிறார்" என்று இருபத்தாறாம் வசனத்தில் ஆசாப் பாடுகிறார். பங்கு என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கையில் பேசுகிற சொல். கானான் தேசம் இஸ்ரவேலருக்குக் கோத்திரம் கோத்திரமாகப் பங்கிடப்பட்டபோது, லேவி கோத்திரத்துக்கு மற்றவர்களைப்போல் நிலச் சுதந்தரம் கொடுக்கப்படவில்லை. குடியிருக்க 48 பட்டணங்களும், ஆடுமாடுகளுக்கு அவற்றைச் சுற்றிய வெளிநிலங்களும் மட்டுமே மற்ற கோத்திரங்களின் சுதந்தரத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டன. கர்த்தரே அவர்களுக்குச் சுதந்தரம் என்று உபாகமம் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. ஆசாப் லேவியர். நிலப்பங்கு இல்லாத கோத்திரத்தில் பிறந்த ஒருவர், நிலமும் கொழுத்த வாழ்வும் உள்ளவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, முடிவில் "என் பங்கு" என்று சொல்லித் தேவனைச் சுட்டுகிறார். வாடகை வீட்டில் உட்கார்ந்து இதை வாசித்த இரவில் நான் அழுதேன். எனக்குப் பங்கு தரப்படவில்லை என்பதே நான் உள்ளே நடத்திவந்த வழக்கு. அந்த வழக்குக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கீழே பார்த்து ஆறுதல் தேடாதீர்கள்

பொறாமைப்படுகிறவருக்கு நம்மவர்கள் உடனே சொல்லும் மருந்து ஒன்று உண்டு: "உனக்கு மேல உள்ளவங்களப் பாக்காத, கீழ உள்ளவங்களப் பாரு." நல்ல மனத்தோடு சொல்லப்படும் புத்தி என்றாலும், கிறிஸ்தவ நன்றியறிதலுக்கு இதை அடித்தளமாக வைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிறருடைய கஷ்டத்தைப் பார்த்துப் பிறக்கும் நன்றி, அதே தராசைத் தலைகீழாகப் பிடிப்பதே ஆகும். மேலே பார்த்தால் பொறாமையும் கீழே பார்த்தால் திருப்தியும் வருகிறது என்றால், இரண்டுக்கும் அளவுகோல் அடுத்த மனிதர்தான். ஆலயத்தில் நின்று மிக ஒழுங்காக ஸ்தோத்திரம் சொன்ன ஒருவனை லூக்கா 18 நமக்குக் காட்டுகிறது. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று, தூரத்தில் நின்ற வரிவசூல்காரனைச் சுட்டி, மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த அந்தப் பரிசேயன் சொன்னான். உதட்டில் ஸ்தோத்திரம் இருந்தும், அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பவில்லை. மருத்துவமனை வார்டைக் கடந்துபோகும்போது அங்கே கிடப்பவர்களுக்காக ஜெபிக்க வேண்டுமே தவிர, அவர்களைக் கணக்கில் வைத்து நம் ஆசீர்வாதத்தை எண்ணக்கூடாது.

உங்கள் மரத்தின் காய்க்கு நன்றி சொல்லுங்கள்

அப்படியானால் எதைப் பார்த்து நன்றி சொல்வது? இதை நான் கற்றது என் தாயாரிடம். கற்றுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நாளன்று, பக்கத்து வீட்டார் ஓர் ஆட்டுக்குட்டியைக் கழுத்தில் பூச்சரம் கட்டி ஆலயத்துக்கு இழுத்துவந்தார்கள். வேறு சிலர் நெல் மூட்டையும், ஆள் உயர வாழைத்தாரும் கொண்டுவந்தார்கள். என் அம்மா கொல்லையில் நின்ற முருங்கை மரத்திலிருந்து அதிகாலையில் காய் பறித்து, ஒரே நீளமாகப் பார்த்து அடுக்கி, வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டி, அந்தக் கட்டை என் கையில் கொடுத்தார்கள். பீடத்துக்கு முன்னால் ஆட்டுக்குட்டியின் பக்கத்தில் அதை வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டு ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது அந்தக் கட்டு சொற்ப விலைக்குத்தான் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில், நாமும் ஆடு கொடுத்திருக்கலாமே என்று அழுதேன். அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "நம்ம மரம் காய்ச்சதுக்கு நாமதான நன்றி சொல்லணும். அவுக ஆட்டுக்கு நாம எப்பிடிச் சொல்ல முடியும்?"

நன்றி சொல்லும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் பொதுவான ஸ்தோத்திரத்தைக் குறைத்து, குறிப்பான ஸ்தோத்திரத்தைப் பெருக்கவேண்டும். "நீர் செய்த எல்லா நன்மைக்காகவும் நன்றி" என்ற வாக்கியம் தவறன்று. ஆனால் அதைச் சொல்லும்போது எந்த நன்மையும் நம் நினைவில் இருப்பதில்லை. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தன் ஆத்துமாவுக்குக் கட்டளையிட்ட தாவீது, 103 ஆம் சங்கீதத்தில் உடனே அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஜெபத்துக்கு முன் அன்றைய நாளில் நடந்த மூன்று காரியங்களை எழுதுங்கள். அன்று நடந்தவையாக இருக்கவேண்டும், எவரோடும் ஒப்பிடாதவையாக இருக்கவேண்டும் என்ற இரண்டு விதிகளைத் தவிர வேறு விதி வேண்டாம். என் நோட்டில், தண்ணீர் வராத வாரத்தில் எதிர்வீட்டுப் பையன் கேட்காமலே இரண்டு குடம் தூக்கிவைத்தது இருக்கிறது. மாமியாருக்கு இருமல் அடங்கித் தூங்கிய இரவு இருக்கிறது. கடைசிப் பேருந்து எனக்காக நின்றது இருக்கிறது. முதல் பத்து நாட்கள் எழுத ஒன்றுமில்லாததுபோல் தோன்றும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நாளின் நடுவிலேயே "இதை இரவு எழுதவேண்டும்" என்று மனம் குறித்துக்கொள்ளத் தொடங்கும் ஒரு வேளை வரும். கண் திரும்பத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

குறைவு மாறாதபோதும் நன்றி சொல்லமுடியுமா என்று கேட்பீர்கள். யாக்கோபின் முதல் மனைவி லேயாளைப் பாருங்கள். அவளுடைய மூத்த மூன்று மகன்களின் பெயர்களும், கணவனுடைய அன்பு தங்கைக்குப் போய்விட்டதே என்ற ஏக்கத்திலிருந்து பிறந்தவை. நான்காம் முறை மட்டும், "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்று சொல்லி யூதா என்று பெயரிட்டாள். யாக்கோபு மாறிவிட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அந்த யூதாவின் வம்சத்திலேயே நம் ஆண்டவர் பிறந்தார். பிற்பாடு அவளும் ராகேலும் மறுபடி போட்டிக்குள் விழுந்தார்கள் என்பதையும் ஆதியாகமம் ஒளிக்கவில்லை. கற்றுக்கொள்வது என்றால் அப்படித்தான், ஒரு நாள் துதித்தவர் மறுநாள் சறுக்கலாம்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளுக்கு அம்மாவாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல், அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது, தன் தாயைப் போல நீலக் கண்கள் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது அதே பழுப்புக் கண்களே இருந்தன. பின்னாளில் சேலை உடுத்தி இந்த மண்ணின் மக்களோடு கலந்து நடந்தபோது, கிடைக்காத அந்த நீல நிறத்துக்காக அவர் நன்றி சொல்ல முடிந்தது. 1931 இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951 இல் மரிக்கும் வரையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த வலிக்கு நாம் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய தேவையில்லை. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறார். பிள்ளையை இழந்த தாயிடம் போய், நடந்ததை நல்லது என்று சொல்லி நன்றி செலுத்தும்படி அந்த வசனத்தை நீட்டுவது கொடுமை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று எழுதியதும் அதே கைதான்.

கண்ணுக்கு ஒரு வேலி போடுவதும் அவசியம். இதை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யாருடைய படங்களைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டுச் சோறு ருசிப்பதில்லையோ, அவர்களுடையதைச் சில மாதங்களுக்கு மறைத்து வையுங்கள். அவர்களை வெறுப்பதற்காக அல்ல, அவர்களை நேசிக்க இடம் உண்டாவதற்காக. காலையில் வேதாகமத்துக்கு முன் கைபேசியைத் தொடுவதில்லை என்ற ஒழுங்கை மட்டுமாவது காத்துக்கொள்ளுங்கள்.

நியாயம் கேட்பது பொறாமை அன்று

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியமாகிறது. "இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்ற எபிரெயர் 13:5, உள்ளவர்கள் இல்லாதவர்களின் வாயை அடைப்பதற்குக் கொடுக்கப்பட்ட வசனமன்று. அதற்கு முன்னுள்ள சொற்கள் பண ஆசையில்லாமல் நடக்கும்படி எல்லோரையும் பார்த்துச் சொல்கின்றன. செய்த வேலைக்குரிய கூலி கைக்கு வராதவர், ஒரே வேலைக்குப் பெண் என்பதால் குறைவாக வாங்குகிறவர், சாதியின் பேரில் சபையின் பொறுப்புகளிலிருந்து ஒதுக்கப்படுகிறவர், இவர்கள் கேட்பது பங்கன்று, நியாயம். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு 5:4 சொல்கிறது. கர்த்தர் கேட்கிற கூக்குரலைப் பொறாமை என்று நாம் அழைக்கலாகாது. நியாயம் கேட்கும்போதே உள்ளே கசந்துபோகாமல் இருக்க ஆசாப்பின் ஜெபம் அவர்களுக்கும் உதவும். கேட்பதை நிறுத்தும்படி அது சொல்வதில்லை.

அவர்களைப் பெயர் சொல்லி ஆசீர்வதியுங்கள்

கடைசிப் படி மிகவும் கடினமானது. யாரைக் குறித்துப் பொறாமைப்படுகிறோமோ, அவருக்காக, எதைக் குறித்துப் பொறாமைப்படுகிறோமோ, அதே காரியத்தில் நன்மை உண்டாகும்படி ஜெபிக்கவேண்டும். வீட்டைக் குறித்து என்றால், அந்த வீட்டில் சமாதானம் தங்கும்படி. பிள்ளையின் படிப்பைக் குறித்து என்றால், அந்தப் பிள்ளை இன்னும் நன்றாகப் படிக்கும்படி. முதல் நாட்களில் வார்த்தை மட்டும் வரும், மனம் பின்னாலேயே நிற்கும். பாசாங்கு செய்கிறோமோ என்று அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். கீழ்ப்படிதலுக்கு மனம் பெரும்பாலும் பிந்தியே வருகிறது.

சவுலுக்கு அருகிலேயே வேதம் நிறுத்தியிருக்கும் மற்றொரு மனிதன், அவனுடைய மகன் யோனத்தான். தாவீதின் எழுச்சியால் அதிகம் இழந்தவன் சவுலைவிட அவனே, ஏனெனில் அடுத்து சிங்காசனத்தில் உட்காரவேண்டியவன் அவன். அவனோ தான் போர்த்திருந்த சால்வையைக் கழற்றி, தன் வஸ்திரத்தையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் தாவீதுக்குக் கொடுத்தான். ஒரே அதிகாரத்தில் தகப்பன் ஈட்டியை எறிகிறான், மகன் கச்சையை அவிழ்த்துக் கொடுக்கிறான். யோனத்தான் என்ன நினைத்தான் என்பதைவிட என்ன செய்தான் என்பதையே அந்த வசனம் விவரமாக எழுதிவைத்திருக்கிறது. ஆகையால் ஜெபத்தோடு நிற்காமல், உங்கள் கையிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். விலையுள்ளதாக இருக்கவேண்டியதில்லை, உங்களுடையதாக இருந்தால் போதும்.

நான் போவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஊருக்குப் போனபோது அம்மாவின் முருங்கையிலிருந்து கை தடிமனில் ஒரு போத்து வெட்டி, நுனியில் சாணம் அப்பி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அந்த வீட்டு வாசலில் நின்று அழைத்தேன். அதே தேக்கு நிலைதான். அன்றும் அழகாகவே இருந்தது. அவள் போத்தைக் கையில் வாங்கி, "எங்கக்கா வைக்க? எல்லா இடமும் சிமெண்ட்டு போட்டாச்சே" என்று கேட்டாள். வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தோம். முன்வாசல் பக்கம் வைத்தால் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் ஏறும் என்றாள்; மதில் ஓரம் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றேன். முடிவில் அடுக்களைத் தண்ணீர் வெளியே விழும் மூலையில், ஒரு முழ அகலத்துக்கு மண் விட்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். அவள் மண்வெட்டியை எடுத்துவந்தாள். போத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, நான் மழையில் நின்றேன்.